வால்வாக்ஸ் உருண்டையில் சில செல் மட்டும் குட்டி போடுவது ஏன்?

தடப்பள்ளி வாத்தியார்:

கோபிப் பக்கம் பிளஸ் ஒன்னுக்குத் தாவரவியல் எடுக்கிறேனுங்க. போன வாரம் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயலில், வரப்போரம் தேங்கிய தண்ணீரை டீ கிளாஸில் மொண்டு வந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் கசகசாவில் பாதி அளவுக்குப் பச்சைப் புள்ளிகள், உருண்டுகொண்டே மேலே வருகின்றன. வால்வாக்ஸ்தான், பல செல்கள் உருண்டையாகச் சேர்ந்து வாழும் பச்சைப் பாசி. எங்கள் மைக்ரோஸ்கோப்பின் பெரிய லென்ஸ் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. சின்ன லென்ஸே போதுமாக இருந்தது: தோல் முழுக்கப் பொடிப் புள்ளிகளாகச் செல்கள், உள்ளே ஏழெட்டுக் குட்டி உருண்டைகள்.

ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "எல்லாம் ஒரே செல்லில இருந்து வந்ததுதானே சார், ஒரே மரபணுதானே? அப்புறம் ஏன் சிலது மட்டும் குட்டி போடுது, மத்ததெல்லாம் நீந்தியே சாகுது?" வேலைப் பங்கீடு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. யாராவது விளக்குங்களேன்.

மஞ்சள்மண்டி:

ஆராய்ச்சிப் படிப்புக்காக நாலு வருஷம் இந்த உருண்டைகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இப்போது ஈரோட்டில் அப்பாவோடு மஞ்சள் வியாபாரம். மண்டியில் விரலி தனி, கிழங்கு தனி என்று பிரிப்போம் அல்லவா, இங்கேயும் முதலில் அளவுதான்.

ஆய்வகங்களில் வளர்ப்பது வால்வாக்ஸ் கார்ட்டெரி என்ற இனம். அதன் கரு 32 செல் ஆகும்வரை சமமாகப் பிளக்கும். அடுத்த பிளவில் முன்பக்கத்து 16 செல்கள் மட்டும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று பிளக்கும். ஜிஎல்எஸ்-ஏ மரபணு கெட்டால் இது நடக்காது. பிளவெல்லாம் முடியும்போது சுமார் 8 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருப்பது இனப்பெருக்க செல், கீழே இருப்பது நீந்தும் உடல செல். கடைசியில் 16 பெரியவை, சுமார் 2000 சின்னவை.

அளவு மட்டும்தானா என்று அவள் கட்டாயம் கேட்பாள். வால்வாக்ஸ் ஆராய்ச்சியாளர் டேவிட் கிர்க்கின் குழுவினர் 1993இல் கருவுக்குச் சூடு காட்டிப் பிளவைப் பாதியில் நிறுத்தினார்கள். சின்னதாகியிருக்க வேண்டிய செல்கள் பெரிதாகவே நின்று, இனப்பெருக்க செல்லாகிவிட்டன.

சின்ன செல்லில் ரெக்-ஏ என்ற மரபணு விழிக்கும். அது செய்வது ஒரே வேலை, அடக்குவது. பசுங்கணிகம், அதாவது வெளிச்சத்தில் உணவு சமைக்கும் பச்சை உறுப்பு, பெருக வேண்டிய மரபணுக்களை அது மூடிவைக்கும். பசுங்கணிகம் பெருகாவிட்டால் செல் வளராது, வளராவிட்டால் பிளக்காது. சோற்றுப் பானையைப் பூட்டிய மாதிரி. பெரிய செல்லில் பூட்டுக்கே பூட்டு: ரெக்-ஏவின் இன்ட்ரான் ஒன்றில் (மரபணுவுக்குள் புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதி) இருக்கும் அமர்த்தும் துண்டு அதை எழவிடாது. அங்கே லாக் என்ற மரபணுக்கள் கசையிழை, அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழை, முளைப்பதையும் தடுத்துவிடும்.

ரெக்-ஏ கெட்ட வகையைப் பார்த்திருக்கிறேன், அழகுங்க. சின்ன செல்கள் முதலில் ஒழுங்காக நீந்தும். அப்புறம் கசையிழையை விட்டுவிட்டுப் பெருத்து, ஆளாளுக்குக் குட்டி போடக் கிளம்பிவிடும். துடுப்புப் போட ஆளில்லை.

ஏழெட்டுக் குட்டி என்றால் உங்களுடையது வேறு இனமாக இருக்கும். எல்லா இனமும் இதே வழியில் பிரிவதில்லை.

பவானிக்கரை:

ரெக்-ஏ வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒற்றைச் செல் உறவான கிளாமிடோமோனாஸில் அதற்கு ஒரு பங்காளி மரபணு உண்டு, பெயர் ஆர்எல்எஸ்-1. வெளிச்சமோ சத்தோ குறைந்தால் அது எழும். மழை பொய்த்த வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது போல. அந்தத் தற்காலிகக் கட்டுப்பாட்டை வால்வாக்ஸ் சில செல்களுக்கு ஆயுசுக்கும் விதித்துவிட்டது.

நம் ஊர்க் குட்டையில் இதெல்லாம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1933இலேயே தென்னிந்திய வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

தடப்பள்ளி வாத்தியார்:

ரொம்ப நன்றிங்க. ஜன்னலோரம் வைத்த கிளாஸை இப்போதுதான் பார்த்தேன். பெரிய உருண்டைகள் கிழிந்து குட்டிகள் வெளியே சுற்றுகின்றன. தாய்த் தோல் அடியில் வெளிறிக் கிடக்கிறது, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் துடிக்கிறது. திங்கட்கிழமை வரை தாங்குமா தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் வீடு பக்கத்துத் தெருதான், கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன்.