ஒன்பதாம் வகுப்புக்கு வாய்ப்புற்றுநோய்ப் படம் காட்டலாமா?

கோத்தகிரி டீச்சர்:
கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர் உதட்டுக்கடியில் புகையிலை வைக்கிறார்கள். கேட்டால், "குளிருக்கு டீச்சர்" என்கிறார்கள். அடுத்த வாரம் இதைப் பற்றி ஒரு பீரியட் பேச வேண்டும். வாய்ப்புற்றுநோய்ப் படங்களைத் திரையில் போட்டு நன்றாகப் பயமுறுத்துங்கள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதை விட்டால் வேறு என்ன செய்வது என்றும் பிடிபடவில்லை. இந்த வயசுப் பிள்ளைகளோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
படத்தைப் போடுங்க டீச்சர். பயம் இருந்தால்தான் கேட்பார்கள். என் மாமா வாய்ப்புற்றுநோயில்தான் போனார். கஞ்சி குடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கூடலூர் அக்கா:
பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன், பள்ளி முகாம்களுக்கும் போவேன். குன்னூர் அண்ணா, உங்கள் பிள்ளைகள் தங்கள் சொந்த மாமாவைப் பார்த்தார்கள். திரையில் வரும் முகம் பையன்களுக்கு யாரோ ஒருவர். 2016 முதல் புகையிலைப் பொட்டலத்தின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பிரித்துத்தானே வாயில் வைக்கிறான்?

பயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-லேயே எழுதியிருக்கிறார்: ஆபத்து பெரியது என்று தெரிவதோடு, தன்னால் தப்பிக்க முடியும் என்ற நம்பிக்கையும் வந்தால்தான் பயம் வேலை செய்யும். நம்பிக்கை இல்லாவிட்டால் மனசு அந்தப் பயத்தைத் துரத்துவதிலேயே நின்றுவிடும். முகாமில் படம் வந்ததும் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். திமிர் என்று திட்டுவார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும், உள்ளே அத்தனை நடுக்கம்.

நான் என்ன செய்வேன் என்றால், எல்லோரையும் கை கழுவ வைத்துவிட்டு, மூன்று விரல்களைச் சேர்த்து மேலும் கீழுமாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பாக்கு கலந்த பொட்டலம் மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். ஒரு முகாமில் ஒரு பையனுக்கு இரண்டு விரல்தான் போனது. சட்டென்று கையை இறக்கிக்கொண்டான். நான் கவனிக்காத மாதிரி அடுத்த பேச்சுக்குப் போனேன். எல்லாம் முடிந்து மேசையை மடிக்கும்போது அவனே வந்து, "சரியாகுமா அக்கா?" என்றான். இப்போதே விட்டால் மேலும் இறுகாமல் காப்பாற்றலாம் என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டான். இந்த வயசில் புற்றுநோயைவிட மானம் போவதுதான் பெரிய பயம்.

அப்புறம் அந்தக் குளிர் விஷயத்துக்கு அவசியம் பதில் சொல்லுங்கள். நிகோடின் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், விரல் நுனி இன்னும் சில்லிடும். கோபத்தையும் தொடுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998-ல் 'ட்ரூத்' என்ற பிரசாரம் வந்தது. கம்பெனிகள் எப்படி நம்மைக் குறிவைத்துப் பிடிக்கின்றன என்று பிள்ளைகளே பேசினார்கள். 2000-க்குள் அங்கே நடுநிலைப் பள்ளிகளில் புகைபிடிப்பது 40 சதவீதம் குறைந்தது. புதினா வாசனையும் பளபளப்பான உறையும் யாருக்காக என்று உங்கள் பையன்களிடமே கேளுங்கள். 18 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்வதையும் சொல்லுங்கள்.

பிளஸ் டூ மாணவன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை. கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரிய பையன்கள் நீட்டுவார்கள், வாங்காவிட்டால் 'பாப்பா' என்பார்கள். "மேட்ச் இருக்கு, ஓட முடியாது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த மாதிரி நாலு பதில்களைக் கிளாஸிலேயே பேச வையுங்கள் டீச்சர்.

கோத்தகிரி டீச்சர்:
ரொம்ப நன்றி. தம்பி, உன் யோசனைக்குப் பாதி பீரியடை ஒதுக்குகிறேன், பதில்களைப் பையன்களே சொல்லட்டும். படம் போடவில்லை. புகையிலையை விட உதவும் 1800 11 2356 இலவச எண்ணைப் பலகையில் எழுதி, மறுநாள் வரை அழிக்காமல் வைக்கிறேன். விரல் சோதனைக்கு முன்னால் இங்குள்ள பல் டாக்டரிடம் பேசி வைக்க வேண்டும். தனியாக வந்து கேட்கும் பையனுக்கு அன்றைக்கே போக ஓர் இடம் வேண்டுமே.