வயலுக்கும் கடைக்கும் ஒரே கத்தி: மடக்குறதோ, உறையில போடுறதோ?

இரணைமடுப்பொடியன்:
வணக்கம். கிளிநொச்சியில ஒரு ஹாட்வெயாரில நிக்கிறன், பின்னேரமும் ஞாயிறும் வயல். இவ்வளவு நாளும் அம்மான்ர குசினிக்கத்தியத்தான் களவா எடுத்துக்கொண்டு போறனான், போன கிழமை அதால யூரியாப் பையின்ர நூலை வெட்டிப்போட்டு கழுவாமக் கொண்டந்து வச்சு வாங்கின பேச்சு இருக்கே, சொல்லேலாது. கனடாவில இருந்து மச்சான் ஆடியில வாறார், கத்தி ஒண்டு வாங்கியாறன் எது வேணும் எண்டு கேக்கிறார். மடக்குற பிரான்ஸ் கத்தி ஒப்பினெல் நம்பர் 8 ஓ, மடக்காத சுவீடன் கத்தி மோராவோ? கடையில மட்டை வெட்டுறது, வயலில கயிறு, பைப், பொலித்தீன், பசிச்சா மாங்காய், இதுதான் வேலை. ஒண்டுதான் கேக்கலாம், ரெண்டு கேட்டா அக்கா மூஞ்சியத் தூக்குவா.

முறிகண்டிக்கச்சான்:
மடக்காததை வாங்கும் தம்பி, வேற கதை இல்லை. ஏன் சொல்லுறன் எண்டா என்ர சுட்டுவிரல். மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு மலிவு வில்லுக்கத்தி வச்சிருந்தனான், லொக் கிக் ஒண்டும் இல்லை, முதுகில கிடக்கிற ஸ்பிரிங்தான் அலகைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். வாய்க்காலுக்க நிண்டு அல்காதீன் (கறுப்புப் பிளாஸ்ரிக்) பைப்பில ஓட்டை போடுவம் எண்டு நுனியாலக் குத்தித் திருகினன், நுனி இறுகிப்போச்சு, கை முன்னால வழுக்கிச்சு, அலகு அப்பிடியே மடிஞ்சு விரலில வந்து இருந்துது. நாலு தையல். வெட்டேக்க பாரம் அலகைத் திறந்த பக்கமாத்தான் தள்ளும், அதால ஒண்டும் நடக்காது, குத்தித் திருகேக்கதான் மடியிற பக்கமாத் தள்ளும். பிறகு சேத்துக் கையோட அலகை நகத்தால இழுக்கிற அந்தப் பள்ளத்தைத் தேடித் திறந்து பாரும், அப்ப விளங்கும்.

ஓமந்தையக்கா:
அண்ணை சொல்லுறது சரி, ஆனா அது லொக் இல்லாத கத்தியின்ர கதை. ஒப்பினெலுக்கு 1955 இல இருந்து கழுத்தில ஒரு இரும்பு வளையம் வருது, திறந்தாப் பிறகு அதைத் திருப்பிவிட்டா அலகு மடங்காது (திருப்ப மறந்தா அண்ணையின்ர விரல்தான்). நான் நாத்துமேடை வச்சிருக்கிறன், மூண்டாவது வருசமா அதுதான் பொக்கற்றில கிடக்கு, அலகு எட்டரை சென்ரிமீற்றர், பை வெட்ட, ஒட்டுக்கட்டின நாடாவை அவிழ்க்க, மாங்காய் சீவ எல்லாத்துக்கும் காணும். குறையும் சொல்லவேணும், பிடி பீச் மரம், மாரி மழையில ஊறி வீங்கிச்சுது எண்டா அலகு வெளியில வரவே மாட்டன் எண்டு நிக்கும், அப்ப பிடியின்ர அடியை மேசை விளிம்பில ஒரு தட்டுத் தட்டினா நுனி கொஞ்சம் எழும்பும், அதைப் பிடிச்சு இழுக்கிறதுதான். காபன் இரும்பு அலகு வேண்டாம், புளிமாங்காய் பட்டா கறுத்துப்போகும், ஐநொக்ஸ் (துருப்பிடிக்காத இரும்பு) எண்டு அலகில அடிச்சதைக் கேளுங்கோ. மற்றது பஸ். இடுப்பில உறையோட கத்தி தொங்க ஏ9 ரோட்டில பஸ் ஏறிப் பாருங்கோ, சோதனைச்சாவடிகளுக்க வளந்த சனம் நாங்கள், பக்கத்தில இருக்கிற ஆச்சி எழும்பி மற்ற சீற்றுக்குப் போயிடுவா.

முறிகண்டிக்கச்சான்:
தங்கச்சி, ஆர் இடுப்பில தொங்கவிடச் சொன்னது, துணியில சுத்தி பைக்குள்ள வைக்கலாம்தானே.

ஒட்டுசுட்டான்பெரிசு:
உதுக்கேன் கனடா. நான் ரெண்டுபேற்ற பக்கமும் இல்லை. வயல் கத்தி வயலில கிடக்கட்டும், கொட்டில் வளையில செருகிப்போட்டு வாரும், பஸ் பிரச்சினையும் இல்லை அம்மான்ர பேச்சும் இல்லை. கம்மாலையில போய் லொறி வில்லுத்தகட்டுத் துண்டில ஒரு சாண் கத்தி அடிச்சுத் தரச்சொல்லும். ரெண்டு விசயம் மட்டும் பக்கத்தில நிண்டு பாரும். ஒண்டு, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில தோய்ச்சாப் பிறகு திரும்பவும் மெல்லிசாச் சூடு காட்டவேணும், அந்த ரெண்டாவது சூட்டை அவசரத்தில விட்டினம் எண்டா வாய் பல்லுப்பல்லாக் கொட்டும், நான் பனங்கிழங்கு நார் வெட்டவே கொட்டின கத்தி ஒண்டு இப்பவும் வீட்டில கிடக்கு. மற்றது பிடிக்குள்ள போற வால். அது பிடியின்ர கடைசி மட்டும் போய் ரெண்டு ஆணி அடிச்சிருக்கவேணும். மோராவின்ர மலிவு வகையளில வால் முழுக்கப் போறேல்ல, ஆனா தடி பிளக்காட்டி அது தாங்கும், தடி பிளக்க கொடுவாக்கத்தி இருக்கு. துருப்பிடிக்கும்தான், துடைச்சு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுறதுக்கு என்ன நோ.

ஓமந்தையக்கா:
ஐயா சொல்லுறதுதான் கணக்கு. வயலுக்குக் கம்மாலைக் கத்தி, கடைக்கும் பொக்கற்றுக்கும் மச்சானிட்ட மடக்குறதைக் கேளுங்கோ. கைப்பையில வச்சா எயார்போட்டில எடுத்துப்போடுவாங்கள், பெரிய பெட்டிக்க போடச்சொல்லுங்கோ.

இரணைமடுப்பொடியன்:
ஓம் அப்ப ஒப்பினெல் ஐநொக்ஸ் எண்டு இப்பவே மெசேஜ் போட்டாச்சு. ஞாயிறு கம்மாலைக்குப் போறன். ஐயா, எங்கட கிணத்தடியில தோய்க்கிற கல்லுக்கு அப்பா முட்டுக் குடுத்து வச்ச வில்லுத்தகடு ஒண்டு கிடக்கு, நல்ல துரு. அது சரிவருமோ?

ஒட்டுசுட்டான்பெரிசு:
துரு மேலால எண்டா பறவாயில்லை, அடிக்கேக்க கழண்டு போயிடும். குறுக்கால வெடிப்பு இருக்கோ எண்டு வெயிலில பிடிச்சுப் பாரும், இருந்தா எடுக்காதையும். கல்லுக்கு வேற முட்டை முதல் குடுத்துப்போட்டு எடும்.