டிவி பவர் சப்ளை போர்டை வீட்டிலேயே பிரிச்சவங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஈயப்பத்து:
நேரா விஷயத்துக்கு வர்றேன். ஸ்டாண்ட்பை லைட்கூட வரல, டிவி மொத்தமா செத்துப் போச்சு. பின்மூடியைக் கழட்டிப் பார்த்தா போர்டு சுத்தமா இருக்கு. உப்பின கெப்பாசிட்டர் இல்ல, கருகின வாடை இல்ல, ஃபியூஸ்ல மீட்டரை வெச்சா பீப் அடிக்குது, அதாவது ஃபியூஸ் போகல. பிளக்கை மத்தியானமே பிடுங்கியாச்சு. நான் போர்டுல கை வெச்சது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். இருந்தாலும் மெயின் கெப்பாசிட்டரோட, அதாவது சார்ஜைத் தேக்கி வெக்கற பெரிய டப்பாவோட, ரெண்டு கால்லயும் மீட்டரை வெச்சுப் பார்க்காம நான் எதையும் தொடறதில்ல. வெச்சேன். 268 வோல்ட் டிசி.

அந்த நம்பர் இன்னும் கண்ணுலயே நிக்குது. 230 வோல்ட் லைன்ல பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கற டயோடு கூட்டம்) தாண்டி வந்தா கிட்டத்தட்ட 325 நிக்கும், அது தெரிஞ்சதுதான். ஆனா இத்தனை மணி நேரம் கழிச்சுமா? ஒழுங்கா ஓடற போர்டுன்னா பிளக்கைப் பிடுங்கினதும் ஸ்டாண்ட்பை சர்க்யூட்டே அந்தச் சார்ஜைப் பெரும்பாலும் தின்னுடும். இதுல பவர் சப்ளையை ஓட்டற ஐசிக்கு முதல் வோல்டேஜ் கொடுக்கற ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் ஓப்பன், உள்ளே அறுந்துபோச்சு. அதனால ஐசி எழுந்திருக்கவே இல்ல, சார்ஜ் இறங்கறதுக்கும் வழி இல்ல. டிவியை நிறுத்தின அதே கோளாறுதான் கெப்பாசிட்டரையும் நிரப்பி வெச்சிருந்துச்சு. ரெசிஸ்டரை மாத்தினதும் லைட் வந்துச்சு, அது பெரிய வேலையே இல்ல. "பிடுங்கி ரொம்ப நேரம் ஆச்சே, இனிமே என்ன"ன்னு எத்தனை பேர் அந்த இடத்துல விரலை வெச்சிருப்பாங்கன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஓடற போர்டைவிட செத்த போர்டுதான் அதிகமாக் கடிக்கும்.

மாடிவீடு:
எங்க வீட்டுல நடந்தது வேற மாதிரி. காலையில ஆன் பண்ணா ரிலே டிக், டிக், டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், லைட் சிமிட்டும், படம் வராது. விட்டு வெச்சா தானா வந்துடும். நாளாக ஆக அந்தக் காத்திருப்பு நீண்டுக்கிட்டே போச்சு. அப்பா டிபன் முடிக்கற வரைக்கும் டிக் டிக் ஓடிக்கிட்டிருக்கும்.

எங்கேயோ கேள்விப்பட்டதை வெச்சு, பின்பக்க ஓட்டை வழியா ஹேர் டிரையரைக் காட்டினேன். கொஞ்ச நேரத்துல டிக் நின்னு படம் வந்துடுச்சு! அப்பவே புரிஞ்சுபோச்சு. பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கிட்டுப் பார்த்தா, 5 வோல்ட் லைன்ல 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர் ரெண்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒண்ணோட தலையில இருக்கற கீறல் குறி குமிழா எழும்பியிருக்கு. இன்னொண்ணுல அந்தக் கீறல் லேசா வாயைத் திறந்து பழுப்பு நிறத்துல கசிஞ்சு காய்ஞ்சு கெடக்கு. ரெண்டையும் 16 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்கறது போட்டு மாத்தினேன். அப்பா ரிமோட்டை அழுத்தினாரு, உடனே படம். அவர் நம்பாம ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணினாரு, திரும்பவும் பண்ணினாரு. அன்னிக்கு அவர் எந்தச் சேனலும் பார்க்கல, ஆன் ஆகறதை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தார்.

ஓம் விதி:
மாடிவீடு, உங்க அப்பா சந்தோஷப்பட்டதுல எனக்கும் சந்தோஷம். ஆனா "அப்பவே புரிஞ்சுபோச்சு"ங்கறதை நான் ஒத்துக்கமாட்டேன். ஹேர் டிரையர் சூடு கெப்பாசிட்டருக்கு மட்டுமா போகுது? டிரான்ஸ்ஃபார்மர் கால்ல டிரை சால்டர் (சரியா ஒட்டாத பத்து) இருந்தாலும் சூட்டுல ஈயம் விரிஞ்சு ஒட்டிக்கும், டிவி ஓடும். சூடு காட்டினா ஓடுதுன்னா "சூட்டுக்கு மாறற ஏதோ ஒண்ணு" அப்படின்னு மட்டும்தான் அர்த்தம்.

என்கிட்ட வந்ததுலயும் இதே டிக் டிக்தான். உப்பின கெப்பாசிட்டரை எல்லாம் வேற யாரோ ஏற்கெனவே மாத்திட்டாங்க, கோளாறு மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசியில ஐசி பக்கத்துல ஹீட் சிங்க்கை (சூட்டை இழுக்கற உலோகத் தகட்டை) ஒட்டி நின்ன 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் குட்டி கெப்பாசிட்டர். தலை தட்டையா, பளபளன்னு, நேத்து வாங்கின மாதிரி இருந்துச்சு. ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டருக்குள்ள இருக்கற எதிர்ப்பு) மீட்டர்ல வெச்சப்பதான் அதோட லட்சணம் தெரிஞ்சுது.

அதனால மாத்தப் போறவங்களுக்குச் சிலது சொல்லிடறேன். உப்பினது மட்டும்தான் கெட்டதுன்னு நினைக்காதீங்க. சின்னது உப்பாது, உள்ளேயே காய்ஞ்சுபோகும். சாதாரண மல்டிமீட்டர்ல கெப்பாசிட்டன்ஸ் சரியாக் காட்டினாலும் ஈஎஸ்ஆர் ஏறியிருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது அது இன்னும் அதிகம், அதனாலதான் காலையில தகராறு. புதுசு வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கணும். வோல்ட் அதே அளவு, இல்ல ஒரு படி மேல. 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். உயரத்தையும் பாருங்க, பின்மூடி இடிச்சா சாய்க்க வேண்டியிருக்கும், சாய்ச்சா ஹீட் சிங்க்ல போய் ஒட்டும். 10 டிகிரி சூடு குறைஞ்சா கெப்பாசிட்டர் ஆயுசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அந்தச் சின்ன இடைவெளிக்கு அவ்வளவு மதிப்பு. உடம்புல கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டுல அச்சடிச்சிருக்கற குறியை மட்டும் நம்பிக் கழட்டாதீங்க, எல்லா போர்டுலயும் அந்தக் குறி ஒரே மாதிரி இருக்காது. கழட்டறதுக்கு முன்னாடி கோடு எந்தப் பக்கம் இருக்குன்னு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கிரவுண்ட் கால்ல ஈயம் உருகலைன்னா அயர்னை அழுத்தாதீங்க, டிராக் (போர்டுல ஒட்டியிருக்கற செம்புக் கோடு) உரிஞ்சு வந்துடும். புது ஈயம் கொஞ்சம் வெச்சுக் கலந்துட்டா பழசும் சேர்ந்து இளகிடும்.

நள்ளிரவு ரிப்பேர்:
எனக்கு இன்னும் ஆறாத ஒண்ணு. தெரிஞ்சவர் வீட்டு டிவி. "ஃபியூஸ் போச்சாம், ஒருத்தர் வந்து சரி பண்ணினார், ஆன் பண்ணதும் வெடிச்சது"ன்னாங்க. திறந்தா ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல, டி3.15ஏ, அதாவது 3.15 ஆம்பியர்னு போர்டுலயே எழுதியிருக்கு, அதுக்கு மேலேயே வயர்ல உரிச்ச செம்பு இழையை முறுக்கி வெச்சுப் பத்து வெச்சிருக்காங்க. கரண்ட்டை வேகமா வெட்டி வெட்டி விடற மாஸ்ஃபெட்டோட முன்பாதி காணோம், ஒரு துண்டு எதிர்ப்பக்கம் மூடியில குத்திக்கிட்டு நிக்குது. அதோட சோர்ஸ் கால்ல இருந்த சின்ன ரெசிஸ்டர், ஐசி, ரெண்டும் போச்சு. பிரிட்ஜ் ஷார்ட். சுத்தி நாலு விரக்கடை கறுப்பு.

சும்மா ஃபியூஸ் போகாதுங்க. ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்துப் போயிருந்தா பின்னாடி ஷார்ட் இருக்குன்னு அதுவே சொல்லுது. எம்ஓவி (லைன்ல வோல்டேஜ் எகிறினா அதை அமுக்கறது), பிரிட்ஜ், மாஸ்ஃபெட், இந்த மூணையும் மீட்டர்ல பார்க்காம புது ஃபியூஸ்கூடப் போடக் கூடாது. முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல, அதாவது பல்பு வழியாத்தான் டிவிக்குக் கரண்ட் போகற மாதிரி போடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா பிழைச்சுது. முழு வெளிச்சத்துல நின்னா ஷார்ட் இன்னும் இருக்கு, ஆனா எதுவும் வெடிக்காது. எல்ஈடி பல்பு இதுக்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேணும். அந்த ஒரு பல்பு இருந்திருந்தா அந்த போர்டு இன்னிக்கு ஓடிக்கிட்டிருக்கும்.

பழைய பட்டறை:
ஈயப்பத்து தம்பி சொன்ன 268 வோல்ட்டுக்கு வர்றேன். இதுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? பிக்சர் டியூப் காலத்துல இருந்து இந்த வேலைதான் பார்க்கறேன். கைப்பிடி நல்லா இருக்கற ஸ்க்ரூடிரைவரை ரெண்டு கால்லயும் குறுக்க வெச்சா டப்புன்னு ஒரு சத்தம், வேலை முடிஞ்சுது. கெப்பாசிட்டர் கெட்டதா நான் பார்த்ததில்ல. சிலர் சார்ஜை மெதுவா இறக்க ரெசிஸ்டர் வெக்கணும்பாங்க. அதைத் தேடி எடுத்து, வயர் பத்து வெச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்குள்ள அடுத்த டிவியைப் பிரிச்சுடலாம்.

ஈயப்பத்து:
ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனா இதை இங்க படிக்கறவங்க முதல் தடவையா மூடியைக் கழட்டறவங்க. 220 மைக்ரோஃபாரட், 325 வோல்ட்டுன்னா உள்ளே கிட்டத்தட்ட 11.6 ஜூல் இருக்கு. அது ஒரே நொடிப்பொழுதுல ஸ்க்ரூடிரைவர் முனையில இறங்குது. உருகின உலோகத் துளி கண்ணுக்குத் தெறிக்கலாம், டிராக் எரியலாம், கை உதறி வேற இடத்துல படலாம். அதே கெப்பாசிட்டருக்கு 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை வெச்சா 12 விநாடியில 2 வோல்ட்டுக்குக் கீழ வந்துடுது. சத்தமே இல்ல. எடுத்த பிறகு மறுபடி ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பாருங்க, சில கெப்பாசிட்டர் தானா கொஞ்சம் வோல்ட் ஏறிக்கும்.

பழைய பட்டறை:
கணக்கு சரிதான் தம்பி. சத்தம் வந்தாதான் எனக்கு இறங்கிடுச்சுன்னு நம்பிக்கை. புதுசா பழகறவங்க ரெசிஸ்டரையே வெச்சுக்கட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

சாய்வு வெளிச்சம்:
பவர் சப்ளைன்னு நினைச்சு நாங்க பிரிச்ச டிவி, பவர் சப்ளையே இல்ல. சத்தம் வருது, திரை இருட்டு. வீட்டுல எல்லாரும் "பவர் பத்தல"ன்னு முடிவே பண்ணிட்டாங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்ச்சுப் பிடிச்சேன். செய்தி வாசிக்கற அம்மாவோட முகம், பாதிக் கன்னமும் ஒரு கண்ணும், மங்கலா அசையுது. டார்ச்சை நகர்த்தினா அந்த வட்டத்துக்குள்ள மட்டும் படம் ஓடுது. படம் முழுசா இருக்கு, பின்னாடி வெளிச்சம்தான் இல்ல. எல்ஈடி ஸ்ட்ரிப்ல ஒரு எல்ஈடி ஓப்பன், வரிசை மொத்தமும் போச்சு. எல்ஈடிக்குக் கரண்ட் கொடுக்கற டிரைவர் சர்க்யூட் வோல்டேஜை ஏத்திப் பார்த்துட்டு தானா அணைஞ்சுக்குது. ஆன் பண்ணும்போது ஒரு கணம் பளிச்சுன்னு வந்து போகுமே, அது அதான். போர்டைக் கழட்டறதுக்கு முன்னாடி டார்ச் பிடிங்க. அந்த ஸ்ட்ரிப் கனெக்டர்ல 100 வோல்ட்டுக்கு மேலயும் வரலாம், சாதாரண எல்ஈடிதானேன்னு தொடாதீங்க.

கிரவுண்ட்:
ஈயப்பத்து எழுதினதைப் படிச்சதும் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. என் தம்பி மீட்டர் வெச்சுட்டு, "ஜீரோதான்டா, இறங்கிடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே கையைக் கொண்டு போறான். கருப்பு புரோபை எங்க வெச்சிருக்கான்னு பார்த்தேன். டிவியோட தகட்டுல. கையைத் தட்டி விட்டுட்டு, அந்தப் புரோபை எடுத்து கெப்பாசிட்டரோட மைனஸ் கால்ல வெச்சேன். 300 சொச்சம். அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு, எனக்கும் கை நடுங்கிடுச்சு.

தகடு செகண்டரி பக்கத்து, அதாவது 12, 5 வோல்ட் வெளியே வர்ற பக்கத்து கிரவுண்ட். மெயின் கெப்பாசிட்டர் இருக்கறது பிரைமரி பக்கம், வீட்டுக் கரண்ட் நேரா வர்ற பக்கம். ரெண்டுக்கும் நடுவுல டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோ (வெளிச்சத்தால சிக்னல் கடத்தறது) மாதிரியான பாலம்தான், நேரடித் தொடர்பு கிடையாது. அதனால தகட்டுல கருப்பை வெச்சா மீட்டர் காட்டறதுக்கு அர்த்தமே இல்ல, ஜீரோவும் வரும். நிறைய போர்டுல அடியில ஒரு தடிச்ச கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒரு பக்கம் ஹாட் (HOT), மறுபக்கம் கோல்டுன்னு (COLD) எழுதியிருப்பாங்க. சில பிரைமரி ஹீட் சிங்க்கும் ஹாட் பக்கத்தோட சேர்ந்ததுதான், கரண்ட் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. 12 வோல்ட், 5 வோல்ட் பார்க்கணும்னா கருப்பு தகட்டுல இருக்கட்டும். மெயின் கெப்பாசிட்டர்னா ரெண்டு புரோபும் அதோட ரெண்டு கால்லதான்.

மாடிவீடு:
கிரவுண்ட், இது எனக்குப் புதுசு. எங்க போர்டுலயும் அந்தக் கோடு இருந்துச்சு, டிசைன்னு நினைச்சிருந்தேன். ஓம் விதி, நீங்க சொன்ன ஐசி பக்கத்துக் குட்டி கெப்பாசிட்டரை நான் மாத்தல. இப்ப ஓடுது, இருந்தாலும் வாங்கி வெச்சுக்கறேன். உங்க போர்டுல இருந்தது 47, 50 வோல்ட்டுதானே?

ஓம் விதி:
அது என் போர்டுல. சிலதுல 22, சிலதுல 10கூட இருக்கும். உங்களோடதைக் கண்ணால பார்த்துட்டு வாங்குங்க.