பொருள்: ஸ்பார்க் பிளக், ஹீட் ரேஞ்ச் – தமிழ்ச்சொல் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஐடிஐ ஆசிரியர், திண்டுக்கல்

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்காக நான் எழுதிவரும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. இரண்டு சொல் நிற்கிறது. பெட்ரோல் எஞ்சினில் பொறி தந்து தீ மூட்டும் ஸ்பார்க் பிளக்குக்குத் 'தீப்பொறிச் செருகி' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

என்னைத் திணறடிப்பது ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்கிவிடுகிறது என்ற அளவு. ஹாட் பிளக், கோல்டு பிளக் இரண்டையும் போன வருடம் 'சூடான செருகி, குளிர்ந்த செருகி' என்று எழுதிக் கொடுத்தேன். தேர்வில் பாதிப் பேர் 'சூடான செருகி பெரிய பொறி தரும், வண்டி வேகமாகப் போகும்' என்று எழுதிவிட்டார்கள். பிழை அவர்களுடையது அல்ல, என் சொல்லுடையது. பொறியின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடுமுனையைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கானின் மூக்கு நீளமாக இருந்தால் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்க நேரமாகும். நுனி சூட்டோடு நிற்கும். அது ஹாட். மூக்கு குட்டை என்றால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அது கோல்டு. இந்த வேலையைச் சொல்லும் சொல்லாக வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

தம்பி, முதல் சொல்லையே நான் ஏற்கவில்லை. 'பொறி' எத்தனை பொருளைத்தான் சுமக்கும்? புள்ளி பொறி, முத்திரை பொறி, ஐம்புலனுக்கான உறுப்பும் பொறி, எலி பிடிப்பதும் பொறி. 618ஆம் குறளில் அது நல்லூழ். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டைக் காவலுக்கு நின்ற வளைவிற்பொறி எந்திரம். அந்தப் பொருளில்தான் இன்று பொறியியல் என்கிறோம். எஞ்சினையும் பொறி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பொறிக்குள் பொறி என்றால் மாணவன் என்ன செய்வான்?

நம்மிடம் ஞெலிகோல் இருக்கிறது. புறநானூறு 315இல் அதியமானைப் பற்றி ஔவையார் சொல்வதைப் பாருங்கள். வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகி வைத்த தீக்கடைகோல் போல இருப்பது தெரியாமலும் இருப்பான். அது கக்கும் நெருப்பைப் போல வெளிப்படவும் செய்வான். பானெட்டுக்குள் கண்ணில் படாமல் இருந்து தீ மூட்டும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டா? 'மின்ஞெலி' என்று சொல்லுங்கள். இரண்டே அசை.

பட்டறைக்காரர், கோயம்புத்தூர்

வணக்கம்ங்க ஐயா. உவமை ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் கை உதவிக்கு நிற்கும் பையனிடம் 'மூணாவது மின்ஞெலியைக் கழற்று' என்றால் அவன் என் முகத்தைத்தான் பார்ப்பான். பிளக் என்றால் பிளக்தான். குறிப்பிலும் பிளக் என்றே போடலாம் என்பது என் எண்ணம்.

ஆசிரியர் சொன்ன இரண்டாவது சிக்கல்தான் உண்மையில் காசைத் தின்கிறது. போன மாதம் ஒரு பழைய மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். 'மிஸ்ஸிங் அடிக்குது, பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்குது' என்றார் வண்டிக்காரர். கழற்றினால் மூன்றும் கரிக்கட்டை. ஒன்றில் பொறியே அடிக்கவில்லை. மூன்றில் ஒன்று படுத்தால் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். விசாரித்தால், முன்பு போட்டிருந்தது போஷ் கம்பெனி பிளக். பிறகு என்ஜிகே கம்பெனி பிளக் வாங்கும்போது 'பெரிய நம்பர் நல்லது' என்று யாரோ சொன்னதை நம்பிப் பெரிய நம்பராகவே கேட்டு வாங்கியிருக்கிறார். என்ஜிகேவில் நம்பர் ஏற ஏறக் கோல்டு. போஷில் நம்பர் ஏற ஏற ஹாட். அவர் ஓட்டுவதோ தினமும் கடைக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர். அதற்குள் கோல்டு பிளக்கின் நுனி போதுமான அளவு சூடேறாது. நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் போனால்தான் கரி தானாக எரிந்து விழும். 850ஐத் தாண்டினால் பொறி வரும் முன்பே நுனியே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், அது பிஸ்டனுக்கே ஆபத்து. நடுவில் நிற்க வேண்டும். கம்பெனி மேனுவலில் சொன்ன நம்பரைப் போட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் முனை இடைவெளியை 0.8 மில்லிமீட்டர் வைத்துக் கொடுத்தேன். வண்டி சரியாகிவிட்டது.

பையன்களுக்கு நான் இப்படித்தான் சொல்லித் தருவேன். மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்கிறோம். தொட்டுப் பார்த்தா சொல்கிறோம்? உடம்பில் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தானே. பிளக்கும் அப்படித்தான்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

கோவை அண்ணா சொன்ன மாம்பழக் கணக்கு அருமை. ஆசிரியர் ஐயா, அதை அப்படியே பாடத்தில் சேருங்கள்.

முதல் சொல்லுக்கு வருகிறேன். பிளக் என்பதே ஆங்கிலேயர் பார்வை. ஓட்டையை அடைக்கும் பொருளாக அதைப் பார்த்தார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரஷ்யனிலும் இதை மெழுகுவத்தி என்கிறார்கள். அவர்கள் பார்த்தது நுனியில் எரியும் நெருப்பை. அப்படியானால் நாம் ஏன் விளக்குத்திரியைப் பார்க்கக் கூடாது? 'பொறித்திரி'. திரியில் கரி பிடித்தால் கிள்ளிவிடுகிறோம், தூண்டிவிடுகிறோம். பிளக்கிலும் கரி பிடிக்கிறது, துடைக்கிறோம். திரி எரிந்து குறைவது போல முனையும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. சாதாரண நிக்கல் முனையை 20,000, 30,000 கிலோமீட்டரில் மாற்றுகிறோம். செருகி என்றால் வீட்டுச் சுவரில் மாட்டும் பிளக்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மின்ஞெலி பற்றி ஒன்று. ஞெலிதல் என்றால் கடைதல். இங்கே எதுவும் எதனோடும் உரசவில்லை ஐயா. இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்கிறது, அவ்வளவுதான்.

வாசகர், யாழ்ப்பாணம்

எல்லாருக்கும் வணக்கம். திரி என்றதும் எனக்குத் தொண்ணூறுகள் நினைவுக்கு வந்துவிட்டன. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோல் கிடையாது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிளக் முழுக்கக் கரி. அப்பா அடிக்கடி நாலு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைப்பார். தேய்த்துத் துடைப்பது என் வேலை. அந்த நுனிகளைப் பார்த்தே எந்த சிலிண்டரில் என்ன குறை என்று சொல்லுவார். உலர்ந்த கரி என்றால் சரியாக எரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இளம் பழுப்பு என்றால் சுகமாக இருக்கிறது.

பேராசிரியர் ஐயாவுக்கு ஒரு சொல். நீங்கள் காட்டிய பாட்டிலேயே 'இல்லிறைச் செரீஇய' என்றுதானே வருகிறது. செரீஇய என்றால் செருகிய. நெருப்பையும் செருகுதலையும் ஔவையார் ஏற்கெனவே சேர்த்து வைத்துவிட்டார். செருகிக்கு அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டை ஐம்பது வருடம் பாடம் நடத்தியும் அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. செருகி இருக்கட்டும். 'தீ' என்ற முன்னொட்டை மட்டும் எங்கும் விட்டுவிடாதீர்கள். வெறும் பொறிச்செருகி என்றால் எந்திரச்செருகி என்றும் பொருள்படும். திரி எனக்கு ஒப்பவில்லை. திரிக்கு எண்ணெய் ஏற வேண்டும். இதில் எண்ணெய் ஏறினால் அதுவே பழுது.

ஐடிஐ ஆசிரியர், திண்டுக்கல்

நன்றி ஐயா. நாளை காலை பக்கங்கள் போக வேண்டும் என்பதால் முடிவெடுத்துவிட்டேன். முதலில் வரும் இடத்தில் 'தீப்பொறிச் செருகி (பிளக்)' என்றும், பிறகு எல்லா இடத்திலும் பிளக் என்றும் வரும். ஹாட், கோல்டு இரண்டுக்கும் 'சூடுபிடி பிளக், சூடுவிடு பிளக்'. ஹீட் ரேஞ்சுக்குச் 'சூடுவிடு திறன்'. மாம்பழமும் மோரும் பெட்டிச் செய்தியாக வருகின்றன. என்ஜிகே, போஷ் எண்கள் எதிரெதிராக ஓடுவதற்குத் தனி அட்டவணை போட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

சூடுவிடு என்பதில் எனக்கு அச்சம் இருக்கிறது தம்பி. எஞ்சினுக்குச் சூட்டை விடுவது என்று ஒரு மாணவன் படித்தால் போன வருடத்துப் பிழையே திரும்பிவரும். 'சூடுவடி' என்று மாற்றுங்கள். சோற்றுக் கஞ்சியை வடிப்பது எல்லாருக்கும் தெரியும்.

பட்டறைக்காரர், கோயம்புத்தூர்

ஐயா சொல்வது சரிங்க. வடி நல்ல சொல். இன்று பையனிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்காமலே புரிந்துகொண்டான்.

ஐடிஐ ஆசிரியர், திண்டுக்கல்

பக்கங்கள் காலையிலேயே போய்விட்டன. வகுப்பில் நான் வடி என்றே சொல்கிறேன். இந்த வருடத் தேர்வுத்தாளைத் திருத்தியதும் எழுதுகிறேன்.