கசாக்கைப் படமாக்க நண்பர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சின்ன வாசகர் கூட்டம் நடத்துகிறோம். எல்லோர் வீட்டிலும் தமிழ்தான், ஆனால் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளியிலும் பாதிப் பேர் மலையாளப் பள்ளியிலும் படித்தவர்கள், அதனால் ஒரே நாவலை இரண்டு மொழியில் படித்துவிட்டு வந்து சண்டை போடுகிற வசதி எங்களுக்கு உண்டு. போன மாதம் ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்'. நான் யூமா வாசுகியின் தமிழில் படித்தேன், மற்றவர்கள் மலையாள மூலத்தில். கூட்டம் முடிந்து சாயா குடிக்கும்போது, குறும்படம் எடுக்கிற நண்பர் ஒருவர் இதை நாமே படமாக எடுத்தால் என்ன என்று ஆரம்பித்தார். சிரித்தோம். ஆள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இப்போது வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார். ஆளுக்கு ஐயாயிரம், ரசிகர்கள் 200 பேர் சேர்ந்தால் பத்து லட்சம், எந்தத் தயாரிப்பாளர் வாசலிலும் நிற்க வேண்டாம் என்கிறார்.

எனக்கு அந்த நாவல் மேல் பைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கதை என்று எதைச் சொல்வது? ரவி ஓராசிரியர் பள்ளி நடத்த ஒரு கிராமத்துக்கு வருகிறான், இருக்கிறான், கிளம்புகிறான். மீதியெல்லாம் பாவம், மறுபிறவி, சாவு, பனங்காட்டுக் காற்று. சிந்தனையை நம்பி நிற்கிற நாவலுக்கு ரசிகர்கள் காசு போட்டு எடுத்த படம் எங்காவது உருப்பட்டிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாளையார் தாண்டி:

தம்பி, உருப்படாத கதை ஒன்று எனக்குத் தெரியும், அதையே முதலில் கேளுங்கள். அயன் ராண்ட் எழுதிய 'அட்லஸ் ஷ்ரக்ட்', 1957இல் வந்த நாவல். நாவல் என்பதைவிட ஒரு தத்துவத்துக்குக் கை கால் முளைத்த மாதிரி என்று சொல்லலாம். அமெரிக்காவில் அதற்கு இருக்கிற ரசிகர்கள் நம் ஊர்க் கட்அவுட் ரசிகர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பல வருடம் பெரிய ஸ்டுடியோக்களுக்குள் சுற்றிவிட்டு, கடைசியில் உரிமை வைத்திருந்த தொழிலதிபரே சொந்தக் காசில் இறங்கி 2011இல் முதல் பாகத்தை எடுத்தார். செலவு ஏறக்குறைய 2 கோடி டாலர், அமெரிக்கத் தியேட்டர்களில் வந்தது 50 லட்சத்துக்கும் குறைவு. அதற்கும் அசராமல் 2012இல் இரண்டாம் பாகம், 2014இல் மூன்றாம் பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் முக்கிய நடிகர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள், ஒரே நாயகிக்கு மூன்று முகம்!

மூன்றாம் பாகத்துக்குத்தான் ரசிகர்களிடம் கேட்டார்கள், கிக்ஸ்டார்ட்டர் என்கிற, பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளத்தில். இரண்டரை லட்சம் டாலர் கேட்டதற்கு நாலு லட்சத்துக்கு மேல் விழுந்தது. யாரும் யாருக்கும் இலவசமாக எதுவும் தரக்கூடாது என்று பேசுகிற நாவலுக்கு உண்டியலா என்று கிண்டல் செய்யாத ஆள் இல்லை, இது தானம் இல்லை வியாபாரம் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். சரி, படம்? அது தியேட்டரில் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

பணம் குறைந்ததால் மட்டும் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. நாவலில் கதாநாயகன் வானொலியில் பேசுகிற பேச்சு மட்டும் அறுபது பக்கத்துக்கு மேல். படத்தில் அது சில நிமிடம். முழுதாக வைத்தால் பார்க்கிறவன் தூங்கிவிடுவான், சுருக்கினால் கையில் துண்டுப் பிரசுரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ரசிகனுக்குத் தன் மனப்பாட வரி திரையில் வந்தால் போதும், படம் ஓடுகிறதா நிற்கிறதா என்று அவன் கவனிக்க மாட்டான். உங்கள் 200 பேரும் அப்படித்தான் இருப்பார்கள், நானும் அப்படித்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சித்தூர் அக்கா:

சினிமா எப்படி வந்தால் என்ன, முதலில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அந்த நண்பர் கேட்டாரா? விஜயன் இறந்தது 2005. நம் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம் பதிப்புரிமை உண்டு, அது அடுத்த ஜனவரியில் இருந்து எண்ணப்படும், ஆக 2065 முடிகிற வரை எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் இந்த நாவலைப் படமாக்க முடியாது. 'இது ரசிகர் படம்தான், லாபத்துக்கு இல்லை' என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை. இன்னொன்றையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனியாக உரிமை உண்டு. வசனத்தில் யூமா வாசுகியின் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டால் அவரிடமும் கேட்க வேண்டும்.

அப்புறம் காசு. அன்பளிப்பாக வாங்கினால் அன்பளிப்பு என்றே எழுதி ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். லாபத்தில் பங்கு தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க வசூல் செய்தால் அது வேறு வழக்கு, நான் சீரியஸாகச் சொல்கிறேன். முன்பு ஒரு குறும்படத்துக்கு நானே பத்தாயிரம் கொடுத்தேன், எடிட்டிங்கில் இருக்கிறது என்று நாலு வருடமாகச் சொல்கிறார்கள். அந்தப் பையன் என்னைக் கண்டால் இப்போது சந்தைப் பக்கமாகத் திரும்பிப் போய்விடுகிறான்.

புழையோரம்:

வாளையார் அண்ணன் அமெரிக்காவுக்கே போய்விட்டார், பக்கத்திலேயே நல்ல கதை இருக்கிறதே. ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்', 1986. ஒடேஸா என்று ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போய், சாப்ளினின் 'தி கிட்' மாதிரிப் படங்களைத் திரையிட்டு, பார்க்க வந்தவர்களிடம் சில்லறையாக வாங்கிய காசில் எடுத்த படம். ஒரு நண்பனின் சாவை அவன் அம்மாவிடம் சொல்ல வயநாட்டில் இருந்து கொச்சி வரைக்கும் போகிறார்கள், வழியெல்லாம் ஆட்கள் சேர்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதுவும் முழுக்க சிந்தனைப் படம்தான். ஆனால் காசு போட்டவர்களுக்கு மனப்பாடமாக ஒரு புத்தகம் இல்லை. 'என் வரி எங்கே' என்று கேட்க ஆள் இல்லாததால் ஜான் நினைத்தபடி எடுக்க முடிந்தது. குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த 'மந்தன்' (1976) பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் காசு வந்தது சொந்த வாழ்க்கையைத் திரையில் பார்க்க.

வாளையார் அண்ணனிடம் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. சிந்தனை நாவலைப் படமாக்கினால் பிரசுரமாகத்தான் ஆகும் என்பதில்லை. வைக்கம் முகமது பஷீரின் நாவலை அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த 'மதிலுகள்' (1990) பாருங்கள். பஷீர் சிறையில், சுவருக்கு அந்தப் பக்கம் நாராயணி. அவளை ஒரு ஷாட்டில்கூடக் காட்டவில்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும், அப்புறம் சுவருக்கு மேல் எழும்பி விழுகிற ஒரு காய்ந்த குச்சி. சுதந்திரம் என்றால் என்ன என்று யாரும் அங்கே பிரசங்கம் செய்யவில்லை, அந்தக் குச்சி எழும்பாதா என்று நாம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கசாக்கை எடுக்கிறவர் ரவியை உட்காரவைத்துக் கர்மவினை பற்றிப் பேசவைத்தால் நான் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். கூமன்காவு நிறுத்தத்தில் ரவி பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிற கடைசிப் பக்கத்தை, அந்தப் பாம்பை, ஒரு வார்த்தை பேசாமல் எடுக்கத் தெரிந்தால் ஐயாயிரம் என்ன, பத்தாயிரமே தருவேன்.

பெயர் வேண்டாம்:

முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டீர்களே! நான் இன்னும் பாதிதான் படித்திருக்கிறேன்.

புழையோரம்:

மன்னியுங்கள், ஆனால் 1969இல் வந்த புத்தகம் அய்யா.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, சித்தூர் அக்காவுக்குக் கூடுதலாக. அந்த உரிமை விஷயத்தைக் குழுவில் போட்டேன், ஒரு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நண்பர் கொஞ்சம் சோர்ந்துதான் போனார். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாம், அது வரும் வரை ஒரு பைசா வசூலிக்கக் கூடாது என்று பேசி முடித்திருக்கிறோம்.

ஆனால் இதை எழுதும்போது வேறொன்று தோன்றுகிறது. கசாக்கில் இருக்கிற ராவுத்தர்கள் பேசுவது பாதி நம் பேச்சு. மலையாளத்தில் படித்த நண்பர்கள் சில இடங்களில் தடுமாறி என்னிடம் அர்த்தம் கேட்டார்கள், தமிழில் படித்த எனக்கோ அந்தக் கலப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே தமிழாக ஓடிவிட்டது. மூலத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எங்கள் பாட்டியின் குரல் கேட்டது. வெளியூரில் இருந்து யார் வந்து எடுத்தாலும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள் என்று எனக்குப் பயம். 2015இல் திருக்கரிப்பூரில் தீபன் சிவராமன் இதை நாடகமாக்கியபோது ஊர்க்காரர்களைத்தானே நடிக்கவைத்தார், அங்கே அது எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். அதனால் நாங்கள் காசு கொடுக்கிறோமோ இல்லையோ, இந்தப் பேச்சைக் கொடுக்க முடியும், யாருக்கு எந்தச் சொல் வரும் என்று உட்கார்ந்து சொல்லித்தர எங்கள் பக்கம் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாளையார் தாண்டி:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அமெரிக்காவுக்குப் போயிருக்கவே மாட்டேன். பெரியவர்கள் பேசுவதைப் போனிலாவது பதிவு செய்து வையுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், அவர்கள் சம்மதித்தால் போதும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை தஸ்ராக் போகிறோம் அண்ணா, கசாக்குக்கு முன்மாதிரியான ஊர், பைக்கில் முக்கால் மணி நேரம்தான். விஜயன் தங்கியிருந்த ஞாற்றுப்புரை என்கிற வீடு நினைவிடமாக இருக்கிறது, நண்பர் கேமராவோடு வருகிறார். எங்கள் பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார், 86 வயது, நாவலை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, ஆனால் நாவலில் வருகிற முல்லாவான மொல்லாக்கா மாதிரி ஒருவர் இங்கேயும் இருந்தார் என்று போன வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். சித்தூர் அக்கா, நீங்களும் வருவதானால் காலை ஏழு மணிக்குள் சொல்லுங்கள், வெயில் ஏறினால் பெரியப்பாவை வைத்துக்கொண்டு பனங்காட்டில் நடக்க முடியாது.