பாயிண்ட்டைக் கழற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டும் 4,500-இல் மிஸ் அடிக்கிறது, உதவி தேவை

சோழவரம்66:
வணக்கம். பெரியப்பா ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டிய அம்பாசிடர் மார்க் 2, 1966 மாடல், பல ஆண்டு ஷெட்டில் தூங்கிவிட்டு என் கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் 1489 சி.சி. பி.எம்.சி. பி-சீரிஸ். அழுத்தம் கூட்ட எஞ்சின் ஹெட்டைச் சீவி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் வைத்தது பெரியப்பா காலத்து வேலை. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி. வேக்குவம் குழாயை அப்போதே அடைத்துவிட்டார்கள். பேட்டரியின் நெகடிவ் முனை காரின் உடம்போடு (எர்த்) இணைந்தது.

பிரச்சினை இதுதான். 4,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டினால் மிஸ் அடிக்கும், அதாவது இடையிடையே எரியாமல் விட்டுவிட்டு ஓடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி காயிலின் மின்னோட்டத்தை வெட்டும் பாயிண்ட்தான் காரணம் என்று முடிவுகட்டி, காந்த வளையத்தோடு வரும் எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றை வாங்கினேன். பாயிண்ட், கண்டன்சர் இரண்டையும் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினேன். கையோடு, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் "ஸ்போர்ட்ஸ்" வகை ஒன்றும் புதிதாகப் போட்டேன். பொறி விழும் நேரத்தை (டைமிங்) லைட் வைத்துச் சரிபார்த்தாயிற்று.

ஸ்டார்ட் ஆவதும் ஐட்லிங்கும் அருமை. ஆனால் 4,500-இல் அதே மிஸ். கூடவே புதிதாக ஒரு தொல்லை: இருபது நிமிடம் ஓட்டினால் எஞ்சின் படக்கென்று அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டர் முள்ளும் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அடுத்த மாதம் செட்டிப்பாளையம் டிராக்கில் சில சுற்றாவது ஓட்ட ஆசை. மாட்யூலை மாற்றிவிடலாமா?

ஓம்விதி:
பொறுங்கள், இன்னொரு மாட்யூலைப் பலிகொடுக்க வேண்டாம். காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே எத்தனை ஓம் என்று அளந்து எழுதுங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
தம்பி, 4,500-இல் மிஸ் அடித்ததும் பாயிண்ட்டைத் தூக்கியது எதற்கு? நல்ல ஸ்பிரிங் உள்ள பாயிண்ட் செட்டை வைத்து 6,000 வரை பி-சீரிஸ் எஞ்சினை ஓட்டியிருக்கிறேன். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பாயிண்ட் மூடியிருக்கும் கோணம் 60 டிகிரி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் 4,500-இல் பாயிண்ட் துள்ளாது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் துள்ளும், அது வேறு கதை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாரைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். கையில் ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது.

சோழவரம்66:
ஓம்விதி ஐயா: மீட்டர் ஒயரைக் கழித்தால் 1.5 ஓம். பழைய காயில் 3.1.
பட்டறைவாசி ஐயா: மிக லேசான ஆட்டம் இருக்கிறது. முதலில் விரலுக்குத் தெரியவே இல்லை, காதில் "டிக்" என்று கேட்டது.

ஓம்விதி:
அணைந்துபோவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. 1.5 ஓம் காயில், மின்னோட்டத்தைக் குறைக்க வெளியே ஒரு பாலாஸ்ட் மின்தடையோடு தொடராக இணைக்க வேண்டியது. உங்கள் காரில் அது இல்லை. டைனமோ 14 வோல்ட் கொடுக்கும்போது 14-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். பழைய காயிலில் இது நாலரைதான். இந்த வகைச் சின்ன மாட்யூல்கள் பலவற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கிடையாது, காயில் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவையும் விட்டுவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏற்கெனவே எஞ்சின் சூடு, அதன்மேல் இந்தச் சூடு. சுட்டால் வேலைநிறுத்தம், ஆறினால் வேலை.

பழைய 3.1 ஓம் காயிலையே போடுங்கள். வேகத்தில் அது தாங்குமா என்ற பயம் வேண்டாம். 6,000-இல் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு நொடிக்கு 200 பொறி, அதாவது ஒரு பொறிக்கு 5 மில்லி செகண்ட். பாயிண்ட் 60 டிகிரி மூடியிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் காயில் நிரம்பக் கிடைக்கும். உங்கள் எஞ்சினுக்கு அது தாராளம்.

இன்னொன்று. எஞ்சின் ஓடாமல் சாவி ஆனில் நின்றால் காயிலும் மாட்யூலும் தொடர்ந்து சூடேறும். பாட்டுக் கேட்கச் சாவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

டாக்கோ பழைய ஸ்மித்ஸ் வகையா? அப்படியானால் அது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைத் தன் வழியாக விட்டு எண்ணுவது. மாட்யூலின் சிவப்பு ஒயரைக் காயில் பிளஸ்ஸில் இணைத்தீர்களா?

சோழவரம்66:
ஸ்மித்ஸ்தான். சிவப்பு ஒயர் சாவியிலிருந்து நேராக வருகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டாக்கோவுக்குப் போகும் வளைய ஒயரை "தேவையில்லாதது" என்று நானேதான் வெட்டி, காயிலுக்கு நேராக இணைத்துவிட்டேன். ஆகவே முள் படுத்ததற்கு மாட்யூல் பொறுப்பல்ல.

மோரிஸ்பிரியன்:
அந்த ஓடுதளத்தில் ஓடிய அம்பாசிடரா! சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டிய பந்தயங்கள் நினைவுக்கு வருகின்றன. கார் வளைவில் ஒரு பக்கமாகச் சாயும்போது கூட்டமும் சேர்ந்து சாயும். படம் போடுங்கள்.

பிளக் ஒயர் செப்புக் கம்பியா, கார்பனா? செப்பு என்றால் அதன் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். 5 கிலோ ஓம் சப்ரசர் கேப் மாட்டினால் போதும்.

சோழவரம்66:
கார்பன்தான் ஐயா. படம் பிறகு, இப்போது எஞ்சின் பேயில் காட்டும்படி எதுவும் இல்லை.

பழைய காயில் போட்டுவிட்டேன். 45 நிமிடம் ஓட்டினேன், ஒரு முறைகூட அணையவில்லை. ஆனால் 4,500-இல் மிஸ் அப்படியே இருக்கிறது.

பட்டறைவாசி:
நான் எதிர்பார்த்தது. பாயிண்ட் இருந்தபோது மிஸ், பாயிண்ட் போன பிறகும் மிஸ். காயில் மாறியும் மிஸ். இரண்டு காலத்துக்கும் பொதுவாக என்ன மிச்சம்? டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு, ரோட்டார், மேல்மூடியான கேப், எர்த். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், நீ பாயிண்ட்டைக் கழுவில் ஏற்றிவிட்டாய்.

கேப்பைக் கழற்றிப் பார். பாயிண்ட் உட்காரும் அடித்தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவே துணி சுற்றிய குட்டி ஒயர் ஒன்று ஓடும், சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதுதான் எர்த். மாட்யூலுக்கும் எர்த் அந்த வழியேதான். வெளியே துணி முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் அறுந்து ஒன்றிரண்டுதான் தொட்டுக்கொண்டிருக்கும். ஐட்லிங்கில் ஒட்டிக்கொண்டிருப்பது 4,500-இல் அதிரும்போது பிரியும். காந்த வளையத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தால் இது தெரியாது.

ஓம்விதி:
சோதிக்கும் முறை: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலும் மற்றதை அடித்தட்டிலும் வையுங்கள். சாவியை ஆன் செய்யுங்கள். காயிலின் மைனஸில் 12 காட்டினால் மாட்யூல் மின்னோட்டத்தை விடவில்லை, எஞ்சினைச் சற்றுத் திருப்புங்கள். அது ஓரிரு வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் காயில் மின்னோட்டம் முழுதும் அந்தக் குட்டி ஒயர் வழியே போகும். மீட்டர் 0.1-க்குக் கீழ் காட்ட வேண்டும். அந்த ஒயரை உலர்ந்த தீக்குச்சியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எண் துள்ளினால் ஆள் அகப்பட்டான். சீக்கிரம் அளந்துவிட்டுச் சாவியை அணைத்துவிடுங்கள்.

சோழவரம்66:
அகப்பட்டான்.

முதலில் 0.3 காட்டியது. தீக்குச்சியால் தொட்டதும் 0.9, அப்புறம் 2.4, அப்புறம் மறுபடி 0.3. துணியைப் பிளேடால் கீறினேன். உள்ளே பச்சை பிடித்த மயிரிழைகள் உதிர்ந்து மேசையில் விழுந்தன, கடைசியில் இரண்டே இரண்டு இழைகள்தான் முழுதாய் இருந்தன. இந்த ஒயரை வைத்துக்கொண்டா நான் பாயிண்ட்டைத் திட்டினேன்!

மெல்லிய இழைகள் நிறைய உள்ள புதிய ஒயரை ஈயப் பற்று வைத்து இரண்டு முனையிலும் லக் மாட்டினேன், சற்றுத் தளர்வாக விட்டு. இப்போது மீட்டர் 0.04. சாலையில் 5,500 வரை இழுத்தேன், சத்தம் ஒரே சீராக இருந்தது.

பட்டறைவாசி:
நன்று. டைமிங்கை மறுபடி பார்த்தாயா? 3,500-க்கு மேல் முழு அட்வான்ஸ், அதாவது பொறி முன்கூட்டி விழும் அளவு, எவ்வளவு வருகிறது என்று லைட் அடித்துப் பார், நான் இந்த எஞ்சினில் 30 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. ஹெட் சீவியது என்றால் இன்னும் கவனம். அந்த "டிக்" சத்தம் போகப் புதிய புஷ் கடைந்துபோட உன் ஊரில் லேத்துக்கா பஞ்சம்?

சோழவரம்66:
முழு அட்வான்ஸ் 34 வந்தது ஐயா, 30-க்குக் குறைத்துவிட்டேன். புஷ்ஷுக்குத் திங்கட்கிழமை லேத் பட்டறைக்குப் போகிறேன்.

ஒரு கடைசிச் சந்தேகம். மாட்யூலை அப்படியே வைப்பதா, பாயிண்ட்டுக்குத் திரும்புவதா? இதை எழுதும்போதே பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பட்டறைவாசி:
மாட்யூல் இருக்கட்டும், பாயிண்ட் தேயும் வேலை மிச்சம். ஆனால் நல்ல பாயிண்ட் செட், கண்டன்சர், ஃபீலர் கேஜ் மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வை. டிராக்கில் மாட்யூல் செத்தால் அதைப் பழுதுபார்க்க முடியாது, பாயிண்ட் போட்டால் பத்து நிமிடத்தில் திரும்ப ஓட்டலாம். அந்த டப்பாவைப் பெரியப்பா கையில் கொடு, எதை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மோரிஸ்பிரியன்:
படம்?

சோழவரம்66:
புஷ் போட்ட பிறகு, கேப்பைக் கழற்றி உள்ளே காட்டியே போடுகிறேன் ஐயா. பழைய ஒயரைத் தூக்கிப் போடவில்லை, அதுவும் படத்தில் இருக்கும்.