உண்ணாமலை என்ற பேர்: தெரிந்தவர்கள் சொல்லலாம்

காரைக்குடியிலிருந்து:
"சாப்பிடாத மலையா?" இந்தப் பேர் வைத்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கும் முதல் கேலி இதுதான். மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூலப் பேர் உண்ணாமுலை, திருவண்ணாமலை அம்மன். பிள்ளை வாய் வைத்துப் பால் உண்ணாத முலையாள் என்று பொருள். பிள்ளையாரை அம்மை தன் மேனி அழுக்கில் திரட்டினாள், முருகனுக்குப் பால் கொடுத்தது கார்த்திகைப் பெண்கள் என்பது புராணம். சம்பந்தர் அந்தத் தலத்துப் பதிகத்தைத் தொடங்குவதே 'உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்' என்றுதான். ஒரே அடியில் நம்ம பக்கத்து ஆச்சிமார் பேர் இரண்டு கிடக்கிறது பாருங்கள்: உண்ணாமலை, உமையாள்.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணன் சொன்னதோடு இலக்கணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உண்ணாத என்பதில் கடைசி எழுத்து கெட்டு உண்ணா. அண்ணாமலையும் அதே வார்ப்புதான். அண்ணுதல் என்றால் நெருங்குதல். பிரமனும் மாலும் நெருங்க முடியாத மலை. ஐயா அண்ணாமலை, அப்பத்தா உண்ணாமலை என்று வீட்டில் ஜோடியாகப் புழங்கிய பேர்கள். முலை மலையானதற்கு அந்த ஓசையும், கூப்பிடுகிற கூச்சமும் காரணம் என்பது என் கணிப்பு.

வடமொழியில் அபீதகுசாம்பாள். இதை 'பயமில்லாதவள்' என்று விளக்குகிறார்கள், தப்பு. பயமின்மைக்கு வரும் பீ வேறு எழுத்து. தமிழில் இரண்டும் ஒன்றுபோல எழுதப்படுவதால் வந்த வினை. இங்கே பீத என்றால் பருகிய, அபீத என்றால் பருகாத. குசம் முலை. அப்படியே தமிழ்ப் பேரின் நேர்ப்பொருள்.

பள்ளத்தூரிலிருந்து:
பொருளை விட எழுத்துத்தான் பாடுபடுத்தும். ஆங்கிலத்தில் ண, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆதாருக்கு ஆங்கிலத்தில் பேரைத் தட்டினால் தமிழ் தானாக விழும், 'உன்னாமலை' என்று. உன்னுதல் நினைத்தல், நினையாத மலை ஆகிவிடும்! ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் திரையில் தமிழ் வரியைப் பார்த்து, இரண்டு ணகரமும் மூன்று சுழியோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஆதாரில் பேர் திருத்த ஆயுளுக்கு 2 தடவைதான்.

கண்டனூரிலிருந்து:
இன்னொன்று, கூப்பிடுகிற பேர். மாமியார் பேரைப் பேத்திக்கு வைத்துவிட்டு மருமகள் அதைச் சொல்லி அதட்ட முடியுமா? அதனால் வீட்டுக்கு ஒரு செல்லப்பேர் வரும். அது அங்கன்வாடி வழியாகப் பள்ளிப் பதிவேட்டுக்குள் போய்விட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டு பெயர்களுக்கும் இடையில் அலைய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பேர் இடம் காலியாக இருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் எழுதிக்கொள்ளலாம். தாண்டினால் தாமதக் கட்டணம், அதுவும் 15 வருடம் வரைதான். பள்ளியில் சேர்க்குமுன் அந்தச் சான்றிதழை ஒரு பிரதி எடுத்து விண்ணப்பத்தோடு பின் அடித்துவிடுங்கள் ஆச்சி.